கணிப்பொறியும் நாமும்: பூட்டுவது வேறு, ஒளிப்பது வேறு

மதுரையை அடுத்த கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிப் பொருள்கள் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றை நடத்திவரும் சகோதரர் ஒருவர் நமக்கு நீண்டதொரு மடல் வரைந்துள்ளார். அவருடைய கணிப்பொறியில் மூன்று வகையான செய்திகள் உள்ளனவாம். முதலாவது, தொழிலின் உயிர்நாடியான கலவை விகிதங்கள். கந்தகம் எவ்வளவு, கரித்தூள் எவ்வளவு, துத்தநாக ஆக்சைடு எவ்வளவு என்று பல ஆண்டு அனுபவத்தில் கண்டறிந்த கணக்கு அது. இரண்டாவது, கொடுக்கல் வாங்கல் பேரேடு. மூன்றாவது, உறவினரும் மஹல்லாவாசிகள் சிலரும் நம்பி அவரிடம் ஒப்படைத்துள்ள பணம், நகை ஆகிய அமானிதங்களின் விவரம். எது யாருடையது, எவ்வளவு, எப்போது திருப்பித் தரவேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். இவற்றைப் பூட்டிவைக்கும் மென்பொருள் ஒன்றை அவருடைய மகன் நிறுவித் தந்திருக்கிறார்.

"பூட்டு இருப்பது தெரிந்தால்தானே திறக்கச் சொல்லுவார்கள்? பூட்டே இல்லாதது போலக் காட்ட வழியுண்டா? பழுது பார்க்க வருபவருக்கும், வேலையாட்களுக்கும், ஏன், வீட்டாருக்கும்கூடத் தெரியாமல் அந்த மென்பொருளையே மறைத்துவிட முடியுமா?" என்பது அவருடைய வினா.

முடியும், ஓரளவுக்கு. ஆனால் அவ்வாறு செய்ய வேண்டா என்பதே நம் விடை. பூட்டுவது கடமை, பூட்டையே ஒளிப்பது வேறு விவகாரம். ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குழம்பினால் விளையும் தொல்லைகள் சிறியவை அல்ல. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பூட்டின் வலிமை

பிறர் அறியாவண்ணம் செய்தி எழுதும் கலை மிகத் தொன்மையானது. அத்தகைய எழுத்தை உடைத்துப் படிக்கும் முறையை நூலாக எழுதிவைத்தவர்களுள் முன்னோடியாகப் போற்றப்படுபவர், 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்-கிந்தி. ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், எழுத்துகளை மாற்றி எழுதிய இரகசியம் தானாகவே வெளிப்பட்டுவிடும் என்று அவர் விளக்கினார். தமிழில் ககரமும் தகரமும் அடிக்கடி வரும். ஔகாரமோ அத்தி பூத்தாற்போல வரும். எழுத்துகளை இடம் மாற்றி எழுதினாலும் இந்த எண்ணிக்கை மாறாது. அதுவே காட்டிக் கொடுத்துவிடும். இரகசிய எழுத்தைக் குறிக்கும் 'சைஃபர்' என்னும் ஆங்கிலச் சொல்லே, சுழியைக் குறிக்கும் 'ஸிஃப்ர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

நம் பாட்டிமார் அரபுத் தமிழில் மடல் எழுதியதை மூத்த வாசகர்கள் அறிவர். அரபு எழுத்து அறியாதவர் கையில் அம்மடல் கிடைத்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ஆயினும் அது மறைப்பதற்காகத் தோன்றிய எழுத்து அன்று. ஓதத் தெரிந்த சிறுவனும் கூட்டிப் படித்துவிடுவான். புரியாத எழுத்தெல்லாம் பூட்டாகிவிடாது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இன்றைய கணிப்பொறிப் பூட்டு அல்-கிந்தியின் எண்ணிக்கைக்கு அகப்படாதபடி அமைக்கப்பட்டது. பெல்ஜியம் நாட்டு அறிஞர் இருவர் வகுத்த முறையை 2001-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஏ.இ.எஸ். எனப்படும் அம்முறையே இன்று வங்கிகளிலும், கைப்பேசிகளிலும், நம் சகோதரரின் மகன் நிறுவித் தந்த மென்பொருள் போன்றவற்றிலும் பெரிதும் வழங்குகிறது. இதன் சிறப்பு என்னவெனில், பூட்டின் அமைப்பு முழுவதும் உலகறிய வெளியிடப்பட்டிருக்கிறது. எவரும் அதனைப் படித்துக் குறை காணலாம். இரகசியமாக இருப்பது சாவி ஒன்றே. 256 இரும இலக்கங்கள் கொண்ட அச்சாவிக்கு எத்தனை வாய்ப்புகள் உண்டென்று எழுதினால், அந்த எண் 78 இலக்கங்கள் நீளும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது எவராலும் இயலாத காரியம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2008-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டுக் காவல்துறை, நிதிக் குற்றச்சாட்டுக்கு ஆளான வங்கியாளர் டேனியல் தாந்தாஸ் என்பவரின் இல்லத்தில் கணிப்பொறி வட்டுகளைக் கைப்பற்றியது. அவை 'ட்ரூகிரிப்ட்' என்ற மென்பொருளால் பூட்டப்பட்டிருந்தன. அந்நாட்டுத் தடயவியல் நிபுணர்கள் ஐந்து மாதம் முயன்று தோற்றனர். பின்னர் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஓராண்டுக் காலம் முயன்றது. 2010-இல் திறக்கப்படாமலேயே வட்டுகள் திரும்பி வந்தன. பூட்டு இருப்பது அனைவருக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் திறக்க முடியவில்லை. ஆகவே பாதுகாப்பைத் தருவது பூட்டின் வலிமையும் சாவியின் நீளமுமே என்பதை நம் சகோதரர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

மறைப்பின் மூன்று படிகள்

இனி மறைப்புக்கு வருவோம். இதில் மூன்று படிகள் உண்டு.

முதற்படி, கோப்புறையின் மீது 'மறை' என்னும் குறியை இடுவது. இது திரைச்சீலை போன்றது. மறைந்தவற்றைக் காட்டு என்று கணிப்பொறிக்கு ஒரு கட்டளை இட்டால் எல்லாம் வெளியே வந்து நிற்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வித்தை இது.

இரண்டாம் படி, பூட்டிய பெட்டகத்துக்கு வேறு பெயர் சூட்டுவது. கணக்குப் பெட்டகத்துக்குத் திருமண வீடியோ என்று பெயரிட்டு வைப்பார்கள். பூட்டும் மென்பொருளைக் கணிப்பொறியில் நிறுவாமல் விரலளவு நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது மட்டும் செருகுவார்கள். ஆனால் வீடியோ என்று சொல்லப்படும் கோப்பு ஓடாவிட்டால் ஐயம் எழாதா? மேலும், பூட்டிய பெட்டகத்தின் உள்ளடக்கம் ஒழுங்கே இல்லாத வெறும் இரைச்சலாகத் தோன்றும். இத்தனை பெரிய இரைச்சலை ஒருவர் ஏன் சேமித்து வைத்திருக்கிறார் என்று தேடிப் பிடிப்பதற்கென்றே கருவிகள் இருக்கின்றன.

மூன்றாம் படியே மிக நுட்பமானது. பெட்டிக்குள் கள்ள அடித்தட்டு அமைப்பது போன்றது. ஒரே பெட்டகத்துக்கு இரு சாவிகள். முதற் சாவியைப் போட்டால் மேல்தட்டு திறக்கும். அங்கே சாதாரணக் கணக்குகள் சில கிடக்கும். இரண்டாம் சாவியைப் போட்டால் மட்டுமே அடித்தட்டு திறக்கும். மேல்தட்டின் வெற்றிடம் முழுவதும் முன்னரே இரைச்சலால் நிரப்பப்பட்டிருப்பதால், அதற்குள் அடித்தட்டு ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதைப் பெட்டகத்தைப் பார்த்து எவரும் சொல்ல இயலாது. 2004-இல் வெளிவந்த ட்ரூகிரிப்ட் இவ்வசதியைப் பரப்பியது. அதனை ஆக்கியோர் தம் பெயரை வெளியிடாமலேயே இயங்கி, 2014 மே மாதம் திடீரென்று அப்பணியைக் கைவிட்டனர். அதன் வழித்தோன்றலாக 2013-இல் பிரான்சு நாட்டிலிருந்து வெளிவந்த 'வேராகிரிப்ட்' இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது.

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டுக்கும் எதிரி ஒருவர் உண்டு. அவர் வேறு யாருமல்லர், கணிப்பொறிதான்.

உளறிக் கொட்டும் கணிப்பொறி

கணிப்பொறி நமக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு நாம் செய்வதையெல்லாம் குறித்து வைக்கும் இயல்புடையது. அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியல், அடிக்கடி இயக்கிய மென்பொருள்களின் பதிவு, படங்களின் சிற்றுருவங்கள், செருகிய நினைவகத்தின் அடையாள எண், எழுதிக்கொண்டிருக்கும்போதே தானாகச் சேமித்த பாதிப் பிரதி என்று எத்தனையோ இடங்களில் சுவடு பதிகிறது. கணிப்பொறியை உறங்கவைத்தால், அதன் வேலை நினைவில் இருந்ததெல்லாம் வட்டில் அப்படியே எழுதப்படுவதும் உண்டு.

2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புரூஸ் ஷ்னையர் என்ற பாதுகாப்பு அறிஞருடன் சேர்ந்து இதனைச் சோதித்தனர். ட்ரூகிரிப்டின் கள்ள அடித்தட்டில் வைத்த ஆவணங்களைத் திறந்து பயன்படுத்திவிட்டு, கணிப்பொறியில் என்ன தங்கியிருக்கிறது என்று தேடினர். விண்டோஸ் வைத்த குறுக்குவழிக் குறிப்புகளும், வேர்டு மென்பொருளின் தானியங்கிச் சேமிப்பும், தேடுபொறியின் நினைவும் சேர்ந்து மறைவிடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டன. அடித்தட்டின் பூட்டை எவரும் உடைக்கவில்லை. அப்படியோர் அடித்தட்டு இருக்கிறது என்னும் செய்தி மட்டும் கசிந்துவிட்டது. மறைப்பின் பயனெல்லாம் 'அப்படி ஒன்று இல்லை' என்னும் சொல்லில்தான் தங்கியிருக்கிறது. அச்சொல் பொய்யாகிவிட்டால், மறைத்தவர் மறைக்காதவரைக் காட்டிலும் இழிந்த நிலைக்கு ஆளாகிறார்.

அதன் பின்னர் அம்மென்பொருள் பலவாறு திருத்தப்பட்டது உண்மையே. ஆயினும் கணிப்பொறிகளும் மாறிவிட்டன. இப்போது வரும் எஸ்.எஸ்.டி. வட்டுகள், தேய்மானத்தைப் பங்கிடும் பொருட்டு ஒரே செய்தியை வெவ்வேறு இடங்களில் மாற்றி மாற்றி எழுதுகின்றன. அழித்ததாக நாம் எண்ணுவது எங்கோ ஒரு மூலையில் தங்கிவிடக்கூடும். இதனை வேராகிரிப்டை ஆக்கியோரே தம் கையேட்டில் எச்சரித்திருக்கிறார்கள்.

இல்லை என்பதை எப்படி மெய்ப்பிப்பது?

கள்ள அடித்தட்டு வசதியில் மற்றுமோர் இடர் உண்டு. அது பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. அடித்தட்டு இருப்பதை எதிரி மெய்ப்பிக்க முடியாது என்பது அதன் பெருமை. அதே காரணத்தால், அடித்தட்டு இல்லை என்பதை நாமும் மெய்ப்பிக்க முடியாது. முதற் சாவியைக் கொடுத்த பின்னரும், 'இரண்டாவது எங்கே?' என்று கேட்டால் என்ன சொல்வது? உண்மையிலேயே இரண்டாவது இல்லாதவர்தாம் இங்கே பெரும் தவிப்புக்கு ஆளாவார். கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லையே!

நம் நாட்டுச் சட்டம் பூட்டைத் தடை செய்யவில்லை. மாறாக, வங்கிக் கணக்கு முதல் வரிக் கணக்கு வரை யாவும் சங்கேதப் பூட்டின் துணையோடுதான் நடைபெறுகின்றன. 2015 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட கொள்கை வரைவு ஒன்று, பூட்டிய செய்திகளின் திறந்த படிவத்தை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே, சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ஆனால் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவை நாம் அறிந்திருக்க வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, குற்றப் புலனாய்வு முதலிய காரணங்களுக்காக, உரிய அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து ஆணையிட்டால், கணிப்பொறிக்குப் பொறுப்பானவர் பூட்டைத் திறக்க உதவ வேண்டும். மறுத்தால் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம்.

குற்றம் சாட்டப்பட்டவரைத் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு வற்புறுத்தலாகாது என்று அரசியல் சட்டத்தின் 20(3) கூறுகிறதே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடவுச்சொல்லைத் தருவது அவ்வாறு சாட்சி சொல்வதாகாது என்று 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் கருதியது. 2022-இல் டெல்லியில் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் ஒன்று, கடவுச்சொல்லைத் தருமாறு குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த இயலாது என்றது. ஆக, நீதிமன்றங்களே மாறுபடும் களம் இது. இத்தகைய நிலை எவருக்கேனும் நேர்ந்தால், தாமாக எதையும் சொல்வதற்கு முன் வழக்கறிஞரை நாடுவதே அறிவுடைமை.

வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே நினைவுகூரலாம். 2016 நவம்பரில், கத்தாரிலிருந்து இலண்டன் திரும்பிய முஹம்மது ரப்பானி என்பவரை ஹீத்ரோ விமான நிலையத்தில் நிறுத்தி, கைப்பேசி, மடிக்கணிப்பொறி ஆகியவற்றின் கடவுச்சொற்களைக் கேட்டனர். அவர் 'கேஜ்' என்ற மனித உரிமை அமைப்பின் நிர்வாகி. சித்திரவதைக்கு ஆளானதாகக் கூறும் ஒருவர் தம்மை நம்பி ஒப்படைத்த செய்திகள் அவற்றில் இருப்பதால் தர இயலாது என்று அவர் மறுத்தார். 2017 செப்டம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. நிபந்தனையின் பேரில் விடுவித்து, 620 பவுன் செலவுத் தொகை கட்டச் செய்தது. அவர் செய்தது சரியா தவறா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அவர் பூட்டு இல்லை என்று சொல்லவில்லை. பூட்டு இருக்கிறது, அதனுள் பிறருடைய அமானிதம் இருக்கிறது, ஆகவே திறவேன் என்று வெளிப்படையாக உரைத்து, அதன் விளைவையும் ஏற்றார். ஒளித்து வைத்துப் பிடிபட்டிருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்திருக்குமா?

நாம் வைக்காத கோப்பு

இதுவரை, நம் கணிப்பொறியில் மறைந்திருப்பது நாமே மறைத்தது என்று வைத்துக்கொண்டு பேசினோம். வேறொருவர் நம் கணிப்பொறிக்குள் மறைத்து வைத்தால் என்ன செய்வது? கற்பனை என்று இதனைத் தள்ள முடியாது. நம் தமிழகத்தில் பிறந்த ஒருவரின் வாழ்வில், இறுதி நாள்களில், இக்கேள்வி பேருருவம் எடுத்து நின்றது.

திருச்சிராப்பள்ளி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்தவர் ஸ்டேன் சுவாமி. இயேசு சபைத் துறவியான அவர், ஜார்க்கண்ட் மாநிலத்தில் பழங்குடி மக்களின் நில உரிமைக்காகப் பல்லாண்டு உழைத்தார். 2018 சனவரி முதல் நாள் மராட்டியத்தின் பீமா கோரேகானில் நிகழ்ந்த வன்முறையை ஒட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில், அவருடைய இருப்பிடம் இருமுறை சோதனையிடப்பட்டது. 2019 சூன் 12 அன்று அவருடைய கணிப்பொறி கைப்பற்றப்பட்டது. 2020 அக்டோபர் 8 அன்று, 83 வயதில், நடுக்குவாத நோயாளியான அவர் கைது செய்யப்பட்டார். தம் கணிப்பொறியிலிருந்து எடுத்ததாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் தம்முடையவை அல்ல, தமக்குத் தெரியாமல் புகுத்தப்பட்டவை என்று கைதாகும் முன்னரே அவர் கூறியிருந்தார். பிணை கிடைக்காத நிலையில் 2021 சூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் காலமானார்.

அதே வழக்கில் கைதானவர் டெல்லியைச் சேர்ந்த ரோனா வில்சன். அவருடைய கணிப்பொறி வட்டின் பிரதியை, வழக்கறிஞர்களின் வேண்டுகோளின்படி, அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்னும் தடயவியல் நிறுவனம் ஆராய்ந்தது. 2021 பிப்ரவரியில் வெளியான அதன் அறிக்கை திடுக்கிட வைத்தது. 2016 சூனில், அறிந்தவர் அனுப்பியது போன்ற மின்னஞ்சலின் இணைப்பை வில்சன் திறந்தபோது, 'நெட்வயர்' என்னும் வேவு மென்பொருள் உள்ளே புகுந்தது. சுமார் 22 மாதம் அது தங்கியிருந்தது. அதன் வழியாக ஓர் அயலார், கண்ணுக்குத் தெரியாத கோப்புறை ஒன்றை அவருடைய கணிப்பொறியில் உண்டாக்கி, அதனுள் பத்துக் கடிதங்களை வைத்தார் என்பது அறிக்கையின் முடிவு. அக்கடிதங்கள் வேர்டு மென்பொருளின் பிந்தைய பதிப்பில் ஆக்கப்பட்டவை. வில்சன் பயன்படுத்தியதோ 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு. அவற்றை அக்கணிப்பொறியில் எவரும் எப்போதேனும் திறந்து படித்ததற்கான அடையாளமும் இல்லை.

ஸ்டேன் சுவாமியின் கணிப்பொறியைப் பற்றிய அறிக்கை, அவர் மறைந்து ஓராண்டுக்கும் மேலாகி, 2022 டிசம்பரில் வந்தது. 2014 அக்டோபர் முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் அது அயலார் பிடியில் இருந்தது என்றும், நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் அதில் புகுத்தப்பட்டன என்றும், காவல்துறை வருவதற்கு முதல்நாள் அயலார் தம் சுவடுகளை அழிக்க முனைந்தார் என்றும் அவ்வறிக்கை கூறியது. அரசுத் தரப்பு ஆர்சனலின் கண்டுபிடிப்புகளை ஏற்கவில்லை. அவற்றின் மதிப்பை விசாரணையில்தான் ஆராய வேண்டும் என்று வாதிட்டது. புகுத்தியவர் யார் என்பதை அறிக்கைகள் பெயர் சுட்டிச் சொல்லவில்லை.

வழக்கின் அரசியல் ஒருபுறம் இருக்க, கணிப்பொறி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதிலிருந்து கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பூட்டு எவ்வளவு வலிமையானதாயினும், நாம் கணிப்பொறியில் வேலை செய்யும் நேரத்தில் அது திறந்தே இருக்கிறது. வேவு மென்பொருள் நம்மோடு உள்ளே அமர்ந்திருந்தால், நாம் காண்பதையெல்லாம் அதுவும் காணும். நம் கையால் எழுதுவது போலவே எழுதவும் செய்யும். வெளிக்கதவின் பூட்டு உள்ளிருக்கும் கள்வனைத் தடுக்காது.

மற்றொன்று நம் சகோதரருக்கு மிகவும் தேவையானது. மறைத்து வைக்கும் வழக்கமே இல்லாத ஒருவர், 'இந்தக் கோப்புறை என்னுடையதன்று, மறைப்பது என் வழக்கமன்று' என்று துணிந்து சொல்லலாம். மாதந்தோறும் தம் கணிப்பொறியைத் தாமே துருவிப் பார்ப்பவர், அயலானது ஒன்று தோன்றினால் அன்றே கண்டுகொள்ளவும் கூடும். ஆனால் கள்ளத் தட்டுகளும் பொய்ப் பெயர்களும் நிறைந்த கணிப்பொறியை வைத்திருப்பவர் எதைத் தம்முடையதென்பார், எதை அயலதென்பார்? அவர் சொல்லை யார் நம்புவார்?

வீட்டாருக்கும் தெரியாமலா?

மடலில் நம்மை மிகவும் வருத்திய சொல், 'வீட்டாருக்கும்கூட' என்பது. சகோதரர் நீடூழி வாழ நாம் வேண்டுகிறோம். ஆயினும் மரணம் எவரிடமும் நாள் கேட்டு வருவதில்லை. அவருக்குத் திடீரென ஒன்று நேர்ந்துவிட்டால், எஃப்.பி.ஐ.யே திறக்க இயலாத பூட்டை அவருடைய துணைவியார் எவ்வாறு திறப்பார்? பூட்டு ஒன்று இருக்கிறது என்பதே தெரியாதபோது, திறக்க வேண்டும் என்ற எண்ணமாவது தோன்றுமா? கணிப்பொறியைப் பழைய பொருள் கடையில் போட்டுவிடவும் கூடும். கலவை விகிதங்கள் போகட்டும். மீண்டும் முயன்று கண்டுபிடித்துவிடலாம். நம்பி நகையைக் கொடுத்த விதவைப் பெண்மணி வாசலில் வந்து நின்றால், அவர் கேட்பது மெய்யா பொய்யா என்று பிள்ளைகள் எதைக் கொண்டு அறிவார்கள்?

வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன் இறந்தவரின் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பதும், கடனை எழுத்தில் பதிந்து சாட்சி வைக்க வேண்டும் என்பதும் நம் வாசகர்கள் அறிந்த மார்க்கச் சட்டங்கள். எழுதுவதன் நோக்கமே, எழுதியவர் இல்லாதபோதும் உண்மை நிலைக்க வேண்டும் என்பதுதான். எவரும் காண முடியாத இடத்தில் எழுதிவைத்த அமானிதக் கணக்கு, எழுதாத கணக்குக்குச் சமம்.

செய்யத்தக்கவை

ஆகவே சகோதரர் செய்ய வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

கணிப்பொறியின் வட்டு முழுவதையும் வெளிப்படையாகப் பூட்டுங்கள். விண்டோஸின் தொழில்முறைப் பதிப்பில் 'பிட்லாக்கர்' இருக்கிறது. புதிய கணிப்பொறிகள் பலவற்றில் வீட்டுப் பதிப்பிலேயே இப்பூட்டு தானாக இயங்கும். உரியவருக்கே தெரியாமல் பூட்டியிருப்பதும் உண்டு. அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தேடி எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். இல்லையேல் ஒருநாள் நீங்களே வெளியே நிற்க நேரும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவது 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

கலவை விகிதங்களை வேராகிரிப்ட் பெட்டகத்தில் தனியே பூட்டலாம். அதன் பெயர் 'தொழில் இரகசியம்' என்றே இருக்கட்டும், குற்றமில்லை. கடவுச்சொல் பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டுமாக இருக்க வேண்டா. தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்துக் கோத்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் இயலாது.

பழுது பார்க்கக் கணிப்பொறியை அனுப்பும்போது, இயன்றால் வட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் உடனிருந்து வேலையை முடியுங்கள். வேலையாட்களுக்குத் தனிக் கணக்குப் பெயர் உண்டாக்கிக் கொடுங்கள். அறிந்தவர் பெயரில் வந்தாலும், எதிர்பாராத மின்னஞ்சல் இணைப்பைத் தொலைபேசியில் கேட்டறியாமல் திறக்காதீர்கள். மாதம் ஒருமுறை, மறைந்தவற்றைக் காட்டு என்று கட்டளையிட்டு, நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலையும் மகனோடு அமர்ந்து பாருங்கள்.

கணிப்பொறி எப்போதேனும் விசாரணைக்காகக் கைப்பற்றப்பட்டால், அந்த நேரத்தில் நமக்குள்ள பாதுகாப்புகளையும் அறிந்திருங்கள். 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி தரப்படும் சான்றிதழில், மின்னணு ஆவணத்தின் 'ஹாஷ்' எண்ணைக் குறிக்க வேண்டும். அந்த எண் வட்டின் கைரேகை போன்றது. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். கைப்பற்றும்போதே அதனைக் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்பது, பின்னர் எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதற்கு இரு தரப்புக்கும் காப்பாக அமையும்.

இறுதியாக, அமானிதப் பட்டியலைத் தாளிலும் எழுதுங்கள். கொடுத்தவரிடம் ஒரு பிரதியும், உங்களிடம் ஒரு பிரதியும் இருக்கட்டும். கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் உறையில் இட்டு முத்திரை வைத்துத் துணைவியாரிடம் ஒப்படையுங்கள். உறை எங்கே இருக்கிறது என்பதை, நீங்கள் நம்பும் ஜமாஅத் பெரியவர் ஒருவரும் அறிந்திருக்கட்டும். உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் நாணயம் வீட்டாரிடம் இல்லையென்று தோன்றினால், அந்தக் குறையைக் கணிப்பொறி மென்பொருளால் தீர்க்க முடியாது; அமர்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

கப்பலூர்ச் சகோதரர் இம்மாதமே அந்த உறையை எழுதி முடித்துவிட்டு நமக்கு ஒரு வரி எழுதுவாராக. பூட்டிய கணக்குகளைப் பிரதி எடுத்துப் பாதுகாக்கும் முறைகளை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் காண்போம்.